அப்பாவின் ஸ்பீக்கர், வீட்டு வை-ஃபை: வாசகர் கேள்விகள்

கேள்வி: அப்பா வாங்கிய மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு இருக்கின்றன. பின்னால் சிவப்பு, கறுப்பு முனைகள் மட்டும்தான். கரன்ட் ஒயர் கிடையாது. கூட இருந்த ஆம்ப்ளிஃபயர் எரிந்துவிட்டது. மற்ற அறைகளில் வை-ஃபை ஸ்பீக்கர்கள் வைத்திருக்கிறோம். பெட்டிக்கு ஒன்றாக புளூடூத் போர்டு பொருத்தினால் இவையும் வயர்லெஸ் ஆகிவிடுமா?

பதில்: தயவுசெய்து அந்தப் பெட்டிகளைத் திறந்து ஓட்டை போடாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றின் அளவையும் கணக்கில் எடுத்துத்தான் பாஸ் ஒலியை, அதாவது கனத்த தாழ்ந்த ஒலியை, அமைத்திருப்பார்கள். புது ஓட்டை வழியே காற்று கசிந்தால் அந்தக் கணக்கு கெட்டுவிடும். இன்னொரு சிக்கல், இரண்டு போர்டுகளும் தனித்தனியாக ஓடும். இடது ஒலியும் வலது ஒலியும் ஒரு மில்லி செகண்ட் விலகினாலே, நடுவில் நின்று பாட வேண்டிய குரல் ஒரு பக்கமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். பெட்டிக்கு ஒரு கரன்ட் ஒயரும் தேவைப்படும். அப்புறம் அதில் வயர்லெஸ் எங்கே இருக்கிறது?

உங்கள் ஸ்பீக்கரில் இருப்பவை காந்தம், சுருள், காகிதக் கூம்பு, ஒலியைப் பிரித்தனுப்பும் சின்ன கிராஸ்ஓவர். அவ்வளவுதான். கூம்பை அசைக்கும் சக்தி ஆம்பிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே போனிலிருந்து ஆம்ப் வரைதான் காற்றில் போகும். ஆம்பிலிருந்து ஸ்பீக்கர் வரை செம்பு ஒயர் இருந்தே தீரும். நீங்கள் வாங்க வேண்டியது ஸ்ட்ரீமிங் ஆம்ப்: வை-ஃபையும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருக்கும். சோனோஸ் ஆம்ப், வீம் ஆம்ப் இரண்டும் இந்த வகை. முன்னது 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கரில் பக்கத்துக்கு 125 வாட் தரும், பின்னது 60 வாட்.

வாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். 1 வாட்டில் 1 மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கர், 10 வாட்டில் 97 தரும். 50 வாட்டுக்கும் 60 வாட்டுக்கும் இடையே 1 டெசிபல்கூட வித்தியாசம் இல்லை. அதைவிட முக்கியம், மற்ற அறைகளில் இருக்கும் வை-ஃபை ஸ்பீக்கர்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்பது. சோனோஸ் ஆப்பில் சேர்க்கும் குழுவில் வேறு கம்பெனி ஆம்பைச் சேர்க்க முடியாது. கூகுள் காஸ்ட் (போனிலிருந்து வை-ஃபையில் பாட்டு அனுப்பும் கூகுளின் முறை) வீடென்றால் காஸ்ட் உள்ள ஆம்பாகப் பாருங்கள். ஆப்பிள் போன் வைத்திருப்பவர்கள் ஆப்பிளின் அதே மாதிரி முறையான ஏர்ப்ளே 2 வழியாகப் பல கம்பெனிக் கருவிகளை ஒன்றாகப் பாட வைக்கலாம்.

பணம் போடுவதற்கு முன் ஸ்பீக்கரைச் சோதியுங்கள். முன் வலையைக் கழற்றிவிட்டு கூம்பின் ஓரத்தைப் பாருங்கள். அது ஃபோம் என்றால் 15, 20 வருடங்களில் தொட்டாலே உதிரும். கூம்பு நன்றாக இருந்தால் ஃபோமை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரப்பர் ஓரம் இன்னும் நீண்ட நாள் தாங்கும். நான்கு விரலால் கூம்பைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசும் சத்தம் கேட்டால் சுருள் காந்தத்தில் இடிக்கிறது என்று அர்த்தம். ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை வைக்கும்போது 6 ஓம் அளவில் காட்டினால் பயப்படாதீர்கள், 8 ஓம் ஸ்பீக்கர் அப்படித்தான் காட்டும். 3 சொச்சம் காட்டினால் அது 4 ஓம். ஆம்ப் அதைத் தாங்குமா என்று பார்த்து வாங்குங்கள்.

ஒயர் மாட்டும்போது சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. ஒரு பக்கம் மாறினால் ஒரு கூம்பு முன்னே வரும்போது மற்றது பின்னே போகும், பாஸ் செத்துவிடும். முனைகளின் நிறம் அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். பாஸ் கூம்பு வெளியே வந்தால், பேட்டரியின் பிளஸ் தொட்ட முனைதான் சிவப்பு.

மூளையை, அதாவது வை-ஃபை பகுதியை, ஸ்பீக்கருக்கு வெளியே வைக்கச் சொல்வதற்கு வலுவான காரணம் இருக்கிறது. கூகுள் 2015-இல் கொண்டுவந்த குரோம்காஸ்ட் ஆடியோ என்ற சின்ன வை-ஃபை கருவியைப் பலர் பழைய ஆம்ப்களில் மாட்டினார்கள். 2019-இல் அதை நிறுத்திவிட்டார்கள். 2025 மார்ச்சில் ஒரு டிஜிட்டல் சான்றிதழ் காலாவதியாகி, இன்னும் ஓடிக்கொண்டிருந்தவையும் சில நாட்கள் முடங்கின. அப்போதும் ஸ்பீக்கர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாஃப்ட்வேருக்கு வயதாகிவிட்டால் ஆம்பை மட்டும் மாற்றுவீர்கள், அப்பா வாங்கியது அப்படியே இருக்கும். எனக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: என் பழைய ஆம்ப் நன்றாகவே வேலை செய்கிறது. அதையும் தூக்கிப் போட வேண்டுமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆம்ப் இல்லாத ஸ்ட்ரீமர், அதாவது வை-ஃபையில் பாட்டை வாங்கித் தரும் பெட்டி, ஒன்று போதும். அதிலிருந்து வரும் இரண்டு ஆர்சிஏ ஒயர்களை ஆக்ஸ் அல்லது சிடி என்று எழுதிய துளைகளில் செருகுங்கள். ஃபோனோ என்று எழுதியதில் மட்டும் வேண்டாம். அது இசைத்தட்டு ஊசியின் மிகச் சிறிய சிக்னலுக்கானது. உள்ளே சுமார் 40 டெசிபல் பெருக்கும், பாஸையும் ஏற்றிவிடும். பாட்டு சிதறித்தான் கேட்கும்.

கேள்வி: டிவி ஒலியை புளூடூத் வழியாக ஆம்புக்கு அனுப்பினால் உதடு முதலில் அசைகிறது, பேச்சு பின்னால் வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: புளூடூத்தில் ஒலியைச் சுருக்கி அனுப்பி விரிப்பதற்குள் 150, 200 மில்லி செகண்ட் போய்விடும். டிவிக்கு மட்டும் ஒயரே போடுங்கள். ஆம்பில் எச்டிஎம்ஐ ஏஆர்சி (டிவியின் ஒலியை வாங்கிக்கொள்ளும் எச்டிஎம்ஐ துளை) இருந்தால் டிவி ரிமோட்டிலேயே சத்தத்தைக் கூட்டிக் குறைக்கலாம். இல்லையென்றால் ஆப்டிகல் ஒயர். அதற்குப் பிறகும் கொஞ்சம் விலகல் தெரிந்தால், டிவி செட்டிங்கில் ஒலித் தாமதத்தைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள்.