ஏற்காட்டில் கிட் வரவழைக்கும் முன்

வணக்கம் ஐயா. ஏற்காட்டுத் தோட்ட வீட்டிற்குச் சிக்கிமுக்கித் துப்பாக்கியை ஆலைத் தயாரிப்பாக வாங்குவதா, பட்டறையில் சொல்லிச் செய்வதா, உதிரிப் பாகங்கள் அடங்கிய கிட் வரவழைத்து நீங்களே பொருத்திக்கொள்வதா என்று கேட்டிருந்தீர்கள். கிட் எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உதிரிப் பாகங்களும் ஆயுதமே. உங்களிடம் உரிமம் இருந்தாலும் அது வைத்துக்கொள்வதற்கே தவிர, தயாரிப்பதற்கு அன்று. சொல்லிச் செய்வதானால் பட்டறைக்காரரிடம் தயாரிப்பு உரிமம் இருக்க வேண்டும்.

ஆலைத் தயாரிப்பில் மரக்கட்டையின் மெருகைவிட, கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் விசையமைப்பைப் பாருங்கள்: கல் உரசும் எஃகுத் தகடு சரியாகக் கடினப்படுத்தப்பட்டிருந்தால்தான், பிரகாசமான பொறிகள் பற்றவைக்கும் வெடிமருந்து இருக்கும் சிறு கிண்ணத்தில் கொட்டும், இல்லையேல் மங்கிய பொறி உதிர்ந்து, மலைப்பனியில் ஈரம் ஏறிய வெடிமருந்து பற்றாது. நீங்கள் இடக்கைக்காரர் என்பதால், வலப்பக்க விசையுள்ள துப்பாக்கியில் கிண்ணத்தின் தீ உங்கள் முகப்பக்கமே எழும்; ஆலைத் தயாரிப்பில் இடப்பக்க விசை கிடைக்காவிட்டால், சொல்லிச் செய்வதற்கே கூடுதல் பணம் கொடுப்பது தகும்.