16 கோர் இருந்தும் பில்டு ஏன் விழுகிறது?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் எல்லா டீமுக்கும் சேர்த்து ஒரே கிட்லாப் ரன்னர் (பில்டு, டெஸ்ட் போன்ற வேலைகளை, அதாவது ஜாப்களை, தானாக ஓட்டும் புரோகிராம்), ஒவ்வொரு ஜாப்பும் டாக்கரில் தனிக் கன்டெய்னராக ஓடுகிறது. 16 கோர், 64 ஜிபி ரேம். கோர் எண்ணிக்கையைப் பார்த்து ஒரே நேரத்தில் எத்தனை ஜாப் ஓடலாம் என்று சொல்லும் கான்கரன்ட் மதிப்பை 16 என்று வைத்தோம். மாலையில் எல்லோரும் மெர்ஜ் செய்ய ஆரம்பித்ததும் ஆண்ட்ராய்டு பில்டுகள் 137 என்ற எண்ணோடு விழுகின்றன. ரீட்ரை கொடுத்தால் சில சமயம் பாஸ் ஆகிறது. பெரிய மெஷின் கேட்கலாமா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்குக் கேட்க வேண்டாம். 137 என்பது 128-உடன் 9-ஐக் கூட்டினால் வருவது, அதாவது 9-ஆம் சிக்னலால் புராசஸ் கொல்லப்பட்டிருக்கிறது, கூட்டம் அதிகமான நேரத்தில் மட்டும் இப்படி நடந்தால் பெரும்பாலும் மெமரி தீர்ந்ததுதான் காரணம். கெர்னல் லாகைப் பாருங்கள்: கொன்ற வரியில் 'சிகுரூப்' (cgroup, கன்டெய்னர்களுக்கு மெமரி, சிபியு வரம்பு வைக்கும் லினக்ஸ் வசதி) என்ற சொல் இருந்தால் அந்தக் கன்டெய்னர் தன் வரம்பைத் தாண்டியிருக்கிறது, இல்லையென்றால் மெஷினிலேயே மெமரி காலி.

கோர் பற்றவில்லை என்றால் வேலை மெதுவாகும், அவ்வளவுதான். மெமரி பற்றவில்லை என்றால் வேலை சாகும், அதுவும் அதிகம் தின்றவர் மட்டும் சாவார் என்ற உத்தரவாதம் கிடையாது, பக்கத்து டீமின் பில்டும் சேர்ந்து போகலாம், அந்தப் பிள்ளைகள் தங்கள் கோடில் இல்லாத தப்பை ராத்திரி வரை தேடிக்கொண்டிருப்பார்கள். எனவே கான்கரன்ட் எண்ணை மெமரியை வைத்துத்தான் போட வேண்டும்.

முதலில் அளந்து பாருங்கள். சிகுரூப் இரண்டாம் பதிப்பும் கொஞ்சம் புதிய கெர்னலும் இருந்தால், கன்டெய்னருக்குள் 'மெமரி.பீக்' என்ற கோப்பில் உச்ச அளவு இருக்கும், ஜாப் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் அதை அச்சிட்டுவிடுங்கள் (கோப்பு கேஷும் அதில் சேர்ந்திருக்கும், கொஞ்சம் கூடுதலாகவே காட்டும்). ஆண்ட்ராய்டு பில்டு 8 ஜிபி, லின்ட் (கோடைப் படித்துப் பிழை தேடும் சோதனை) மாதிரி சில்லறை வேலைகள் ஒன்றரை ஜிபி என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சிஸ்டத்துக்கு 8 ஜிபி ஒதுக்கினால் மிச்சம் 56. ஒரே கான்ஃபிக் கோப்பில் இரண்டு ரன்னராகப் பிரியுங்கள்: கனமான வேலைக்கு ஒரு டேக் (எந்த ஜாப் எந்த ரன்னருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் அடையாளச் சொல்), லிமிட் (ஒரே நேரத்தில் ஓடும் ஜாப்கள்) 4, ஒரு ஜாப்புக்கு மெமரி 9 ஜிபி, லேசானதற்கு இன்னொரு டேக், லிமிட் 10, மெமரி 2 ஜிபி. 36-ம் 20-ம் சேர்ந்து 56, கான்கரன்ட் 14. ஜாப் கூடவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் மாதிரி சர்வீஸ் கன்டெய்னர் எழுப்பினால் அதன் மெமரி இந்தக் கணக்கில் வராது, அதற்கும் தனியாக இடம் விடுங்கள்.

இன்னொன்று, பலர் கோட்டைவிடும் இடம். கன்டெய்னருக்கு 3 சிபியு என்று வரம்பு வைத்தாலும் உள்ளே இருக்கும் பல கருவிகளுக்கு 16 கோரும் தெரியும், அதை நம்பி இணையாக வேலை செய்யும் 16 வொர்க்கர்களை எழுப்பி மெமரியைக் காலி செய்துவிடும். ஜாவா 8-இல் 191-ஆம் அப்டேட்டிலிருந்தும், கோ மொழியில் 2025-இல் வந்த 1.25-இலிருந்தும் இந்த வரம்பு புரியும். மற்றவற்றுக்கு வொர்க்கர் எண்ணிக்கையை நீங்களே எழுதிவிடுவதுதான் நல்லது.

கேள்வி: எண்ணைக் குறைத்தால் வரிசை நீளுமே? டெவலப்பர்கள் சண்டைக்கு வருவார்கள்.

பதில்: வரிசையில் நிற்பதில் பாதி யாருக்கும் வேண்டாத பில்டாக இருக்கும். ஒரே பிராஞ்சில் அடுத்தடுத்து புஷ் செய்யும்போது பழைய பைப்லைன் (ஒரு புஷ்ஷுக்காக ஓடும் ஜாப்களின் தொகுப்பு) தானாக ரத்தாகும் வசதி கிட்லாபில் இருக்கிறது, பில்டு, டெஸ்ட் ஜாப்களில் 'இன்டரப்டிபிள்' (பாதியில் நிறுத்தலாம்) என்பதை ட்ரூ என்று வையுங்கள். சர்வரில் ஏற்றும் டிப்ளாய் ஜாப்பில் மட்டும் வைக்காதீர்கள், பாதியில் நின்றால் சர்வர் அரைகுறையாகக் கிடக்கும். அதற்கு 'ரிசோர்ஸ் குரூப்' போட்டால் ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். இத்தனை செய்தும் கனமான டேக்கில் மட்டும் தினமும் காத்திருப்பு தொடர்ந்தால், அப்போது தயங்காமல் ரேம் கேளுங்கள்.