ரெண்டு இழுப்புக்குப் பிறகு மூளைக்குள்

கேள்வி: என் கணவர் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்கிறார். ஆனால் சாப்பிட்டதும் மாடிக்குப் போய் ரெண்டு இழுப்பு இழுத்துவிட்டு அணைத்துவிடுகிறார். "இது மூளை வரைக்கும்கூடப் போகாது" என்கிறார். உண்மையா? (வாசகி, திருச்சி)

பதில்: போகும்மா, நன்றாகவே போகும். அதை ஸ்கேனில் பார்த்தே சொல்லியிருக்கிறார்கள். மூளையில் நிகோடின் வந்து ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள் உண்டு. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸில் ஆர்தர் பிராடியின் குழு, அந்த ஏற்பிகளில் போய் ஒட்டும் ஒரு கதிரியக்க மருந்தை ஊசி வழியாகச் செலுத்தி, புகைப்பவர்களைப் பெட் ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. நிகோடின் எத்தனை இடத்தைப் பிடிக்கிறதோ அந்த அளவுக்கு மருந்தின் ஒளி படத்தில் குறையும். 2006-ல் வெளிவந்த முடிவு இதுதான்: ஒன்றிரண்டு இழுப்பிலேயே பாதி ஏற்பிகள் நிரம்பிவிடுகின்றன, அந்த நிலை மூன்று மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிறது. முழு சிகரெட் என்றால் 88 சதவீதத்துக்கும் மேல்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. முழு சிகரெட் குடித்தவர்களுக்குத்தான் ஆசை தணிந்தது. அதனால் எனக்குத் தோன்றுவது, உங்கள் கணவர் ரெண்டு இழுப்போடு நிறுத்தும்போது ஏற்பிகளில் பாதியை நிரப்பிவிட்டு மீதியை ஏங்க விடுகிறார். அந்த ரெண்டு இழுப்பையும் விடுவது அவருக்குத்தான் சுலபம். சண்டை போடாமல் இதை அவரிடம் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: நிகோடின் சூயிங்கம் மெல்கிறேன். ஆனாலும் சிகரெட் தரும் அந்த நிறைவு வரவே இல்லை. வீட்டில் "உனக்கு மன உறுதி இல்லை" என்று திட்டுகிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: திட்டுகிறவர்களை முதலில் இதைப் படிக்கச் சொல்லுங்கள். சிகரெட் புகையில் இருப்பது நிகோடின் மட்டுமில்லை. நியூயார்க் மாநிலத்தில் உள்ள புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் ஜோவானா ஃபௌலரும் சக ஆய்வாளர்களும் மோனோஅமின் ஆக்சிடேஸ் பி என்ற என்சைமைப் பெட் ஸ்கேனில் அளந்தார்கள். இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோபமின் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைக்கும் வேலை அதனுடையது. புகைப்பவர்களின் மூளையில் இந்த என்சைம் சராசரியாக 40 சதவீதம் குறைவாக இருந்தது, 1996-ல் வெளியிட்டார்கள். அதே குழு அதே ஆண்டில் இதன் இன்னொரு வகையான ஏ-யிலும் 28 சதவீதக் குறைவைக் கண்டது. இதைச் செய்வது நிகோடின் இல்லை, புகையில் உள்ள வேறு பொருட்கள். அதாவது சிகரெட் ஒரு பக்கம் டோபமினைச் சுரக்க வைக்கிறது, மறுபக்கம் அது சீக்கிரம் அழியாமலும் பார்த்துக்கொள்கிறது. சூயிங்கம்மால் முதல் வேலைதான் முடியும், அதுவும் மெதுவாக. அப்புறம் எப்படி அதே நிறைவு வரும்?

அதற்காகச் சூயிங்கம்மைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நிகோடின் மாற்று மருந்துகளோடு முயன்றால் வெற்றி வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்காகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதியான விஷயம். ஃபௌலர் குழு பார்த்த, முன்பு புகைத்து முற்றிலும் விட்டவர்களுக்கு இந்த என்சைம் புகைக்காதவர்களின் அளவிலேயே இருந்தது. ஆனால் உடல் என்சைமைப் புதிதாக உற்பத்தி செய்ய வாரக்கணக்கில் ஆகும். இப்போது நீங்கள் படும் பாடு அந்த இடைவெளியில் படுவது. மன உறுதி இல்லாதவர் என்றால் சூயிங்கம் வாங்கக்கூட கடைக்குப் போயிருக்க மாட்டீர்கள். சிகரெட் பாக்கெட்டிலேயே போட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்கும் பேசிப் பாருங்கள்.

கேள்வி: விட்டு ஏழு வாரம் ஆகிறது. என் மூளை பழையபடி ஆகிவிட்டதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: ஏழு வாரம் தாண்டியதற்கு முதலில் என் வாழ்த்து! ஸ்கேன் வேண்டாம் சார். புகைப்பவர்களுக்கு அந்த நிகோடின் ஏற்பிகள் மற்றவர்களைவிட அதிகமாகிவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் கெல்லி காஸ்குரோவ் குழு 2009-ல் வெளியிட்ட ஸ்பெக்ட் ஸ்கேன் (பெட் போலவே கதிரியக்க மருந்து செலுத்தி எடுப்பது) ஆய்வில், விட்டு நான்கு வாரம் ஆன பிறகும் அவை அதிகமாகவே இருந்தன, ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் புகைக்காதவர்களின் அளவுக்கு வந்துவிட்டன. நீங்கள் அந்தக் கட்டத்துக்குள்தான் இருக்கிறீர்கள்.

இவையெல்லாம் ஒரு குழுவின் சராசரியை இன்னொரு குழுவோடு ஒப்பிடும் ஆராய்ச்சி ஸ்கேன்கள், உங்கள் ஒருவருடைய படத்தை மட்டும் வைத்து யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. தவிர, முந்தைய பதிலில் சொன்ன என்சைமை அளக்கப் பயன்படுத்திய கார்பன்-11 என்ற கதிரியக்கப் பொருள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் என்ற எந்திரம் ஸ்கேன் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சாதாரண ஸ்கேன் சென்டரில் கேட்டால் கிடைக்காது.