சம்பள வித்தியாசம் இருக்கட்டும், அந்த எக்செல் ஷீட் இப்போது எங்கே?

கேள்வி: சேலத்தில் ஒரு தனியார் நிதி நிறுவனத்தின் வெல்த் மேனேஜ்மென்ட் (வாடிக்கையாளர்களின் முதலீட்டைக் கவனிக்கும்) பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். நிலையான சம்பளம் ஆண்டுக்கு 24 லட்சம். எனக்குப் பின்னால் அதே பதவியில் சேர்ந்த ஆணுக்கு 33 லட்சம். ஏற்காட்டு ரிசார்ட்டில் நடக்கும் கூட்டங்களுக்கு என்னைக் கூப்பிடுவதே இல்லை. சம்பள உயர்வு கேட்டால், 'உங்க வீட்டுக்காரர்தான் நல்லா சம்பாதிக்கிறாரே' என்கிறார் மேலாளர். என்னுடைய பெரிய வாடிக்கையாளர்கள் மூன்று பேரை, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைக்காரர்களை, பின்னால் சேர்ந்த அவருக்கே மாற்றிவிட்டார்கள். ஆதாரத்துக்காக எல்லோருடைய இன்சென்டிவ் (ஊக்கத்தொகை) எக்செல் ஷீட்டையும் என் சொந்த மெயிலுக்கு அனுப்பி வைத்திருக்கிறேன். ராஜினாமா செய்துவிட்டு ஒரு கோடி நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: ஏற்காட்டை விட்டுவிடுங்கள். உங்களைக் கூப்பிடாதது தப்புதான், ஆனால் அதை வைத்து, ஊதியக் கோரிக்கையை விசாரிக்கும் எந்த அதிகாரியும் ஒரு ரூபாய்கூட வாங்கித் தரமாட்டார். மேலாளர் சொன்னதும் வாய்வார்த்தை. நாளை 'நான் அப்படிச் சொல்லவே இல்லை' என்பார். தேதியோடு குறித்து வையுங்கள், போதும்.

பார்க்க வேண்டியது ஜவ்வரிசி ஆலைக்காரர்களை மாற்றிய அந்த ஒரு நாளை. பழைய 1976 சம ஊதியச் சட்டம் ஆனாலும், 2025 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் ஊதியச் சட்டத் தொகுப்பு ஆனாலும், ஆண், பெண் என்று பார்த்துச் சம்பளத்தில் வித்தியாசம் காட்டக் கூடாது; கேள்வி ஒன்றுதான்: இருவரும் செய்வது ஒரே வேலையா, ஒரே தன்மையுள்ள வேலையா? திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு ஆகியவற்றை வைத்துத்தான் அதை அளப்பார்கள். சின்னச் சின்ன வித்தியாசங்களைக் காட்டித் தப்பிக்க முடியாது என்று 1987இல் மெக்கின்னன் மெக்கன்சி வழக்கில் பெண் ஸ்டெனோகிராஃபர்களுக்காக உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் நிறுவனம் சின்ன வித்தியாசம் காட்டாது. 'அவர் கையில் இருக்கும் முதலீடு இத்தனை கோடி, இவர் கையில் அதில் பாதிகூட இல்லை, பொறுப்பு எப்படிச் சமமாகும்?' என்று கேட்கும். அந்தப் பாதியை உங்களிடமிருந்து எடுத்ததே அவர்கள்தான். அதைக் காட்டுவது வாடிக்கையாளர்களை மாற்றிய மெயில்தான். யார் அனுப்பியது, என்றைக்கு, என்ன காரணம் போட்டார்கள்? காரணமே போடவில்லை என்றால் உங்களுக்கு நல்லது.

இன்சென்டிவை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். கமிஷன் 'ஊதியம்' என்ற வரையறைக்குள் வராது; உங்கள் இன்சென்டிவும் கமிஷன்தான் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதாடும். நிலையான சம்பளத்தில் இருக்கும் 9 லட்ச வித்தியாசத்தில் நில்லுங்கள். மூன்று வருடத்துக்குள் அந்த அதிகாரியிடம் மனுப் போட வேண்டும். கோரிக்கைத் தொகையைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு தரலாம் என்று சட்டத்தில் இருப்பதை யாராவது உங்களுக்குச் சொல்வார்கள். அது உச்சவரம்பு, அதைப் பார்த்து மயங்க வேண்டாம். ஒரு கோடிக்கு சிவில் வழக்கு என்றால் கோர்ட் ஃபீஸே 3 சதவீதம், மூன்று லட்சம். மன உளைச்சலுக்கு விலை சொல்வது எளிது, நிரூபிப்பது அப்படி இல்லை.

சரி, உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த ஷீட். அதில் வாடிக்கையாளர் பெயரும் அவர்கள் முதலீடும் இருக்கின்றன, இல்லையா? அனுமதி இல்லாமல் தரவை நகலெடுப்பது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவில் வரும். நேர்மையற்ற நோக்கம் என்று சேர்த்துவிட்டால் 66ஆம் பிரிவு, மூன்று வருடம் வரை சிறை. இதே மாதிரி ஒரு பெண் என்னிடம் வந்தார். அவரிடம் இருந்த வழக்கு உங்களுடையதைவிட வலுவானது. வக்கீல் நோட்டீஸ் போன மறுவாரமே நிறுவனம் சர்வர் பதிவைப் பார்த்து, இரவு 11 மணிக்கு அவர் ஜிமெயிலுக்குப் போன ஒரே ஒரு கோப்பைப் பிடித்துக்கொண்டது. சைபர் கிரைம் புகார், முன்ஜாமீன், அஸ்தம்பட்டி கோர்ட் வளாகத்தில் காத்துக் கிடந்த நாட்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச ஆளே இல்லாமல் போயிற்று. கடைசியில் புகாரை வாபஸ் வாங்கினால் போதும் என்று, தன் கோரிக்கையைத் தானே கைவிட்டார்.

அதனால் அந்த ஷீட்டை யாருக்கும் காட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் தோழிக்குக்கூட அனுப்பாதீர்கள். பயந்து அழிக்கவும் வேண்டாம், அழித்தால் மறைத்ததாக ஆகும். ஒரு வக்கீலிடம் நேரில் காட்டி, அப்புறம் என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். மற்றவர் சம்பள விவரத்தை நிறுவனமே தாக்கல் செய்ய வேண்டும் என்று உத்தரவிட அதிகாரிக்கு அதிகாரம் இருக்கிறது. நீங்கள் எடுத்திருக்கவே தேவையில்லை.

ராஜினாமா இப்போது கூடாது. 'சொந்தக் காரணம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், அந்த இரண்டு வார்த்தையை உங்கள் முன்னால் நீட்டுவார்கள். வேலையில் இருந்தபடியே மனிதவளப் பிரிவுக்கு ஒரு பக்கக் கடிதம்: இரண்டு சம்பளம், ஒரே பதவி, மாற்றல் தேதி. அழுகையும் ஆத்திரமும் வேண்டாம்.

பிறகு, பேசித் தீர்க்கப் பாருங்கள். பிடிக்காமல்தான் சொல்கிறேன். சேலத்தில் இந்தத் தொழிலில் ஆட்கள் கொஞ்சம், அடுத்த நிறுவனம் முதலில் கேட்பது ரிலீவிங் லெட்டரை, அதாவது வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தைத்தான். அந்த ஷீட் உங்கள் மெயிலில் இருக்கும்வரை பேரம் பேசும் பலம் உங்கள் பக்கம் முழுதாக இல்லை. இரண்டு வருட வித்தியாசம், நிலுவை இன்சென்டிவ், சுத்தமான ரிலீவிங் லெட்டர், இரு தரப்பும் புகார் கொடுப்பதில்லை என்ற எழுத்து. இது கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சென்டிவ் கணக்கு கைக்கு வருமுன் 'எனக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியின் கீழ் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.