முந்திக்கொண்டார்கள்... என் நான்கு வருடம் வீணா?

கேள்வி: நுண்ணுயிரியலில் பிஎச்.டி. நான்காம் வருடம். பாக்டீரியா தனக்குள் நுழையும் மருந்தை வெளியே தள்ள உதவும் ஒரு புரதம்தான் என் ஆராய்ச்சி. நோயாளிகளிடமிருந்து எடுத்த மாதிரிகளில் செய்தேன். பேப்பரை அனுப்பவிருந்த வாரத்தில் வெளிநாட்டு லேப் ஒன்று அதே புரதத்தைப் பற்றி வெளியிட்டுவிட்டது. போன வருடக் கருத்தரங்கில் அவர்களில் ஒருவர் என் ஆராய்ச்சியை விளக்கும் போஸ்டரைப் படம் எடுத்தது ஞாபகம் வருகிறது. "இனி யாரிடமும் வாயைத் திறக்காதே" என்கிறார் கைடு. வேறு தலைப்பு தேடவா? - ஒரு வாசகி

பதில்: முதலில் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். அந்தப் பேப்பரில் பொடி எழுத்தில், ஜர்னலுக்கு அது வந்து சேர்ந்த தேதி இருக்கும். பெரும்பாலும் முதல் பக்கத்திலேயே. அதை உங்கள் போஸ்டர் தேதியோடு வைத்துப் பாருங்கள். இடையில் நாலைந்து மாதம்தான் என்றால் திருட்டு என்ற எண்ணத்தை விட்டுவிடலாம். மரபணுவை நீக்கி, மருந்து கொடுத்துச் சோதித்து, திரும்பத் திரும்பச் செய்து, எழுதி அனுப்ப எத்தனை நாள் ஆகும் என்று உங்களுக்குத் தெரியாததா? ஒரே கருவிகளும் ஒரே தரவுகளும் எல்லார் கையிலும் இருக்கும்போது, ஒரே கேள்வி இரண்டு பேருக்குத் தோன்றுவது சகஜம். உங்கள் படமோ எண்களோ அப்படியே அங்கே இருந்தால் மட்டும் அது வேறு விஷயம். கைடோடு உட்கார்ந்து ஜர்னலுக்கு எழுதுங்கள்.

தலைப்பை மாற்றாதீர்கள். 1990களில் இரண்டு வானியல் குழுக்கள் ஒரே ஓட்டப்பந்தயத்தில் இருந்தன. ஒன்று பெர்க்லியில் சால் பெர்ல்மட்டருடையது. இன்னொன்று ஆஸ்திரேலியாவிலிருந்து பிரையன் ஷ்மிட் நடத்தியது, ஆடம் ரீஸ் அதில் இருந்தார். தொலைநோக்கியில் நேரம் கிடைப்பதற்கே இரண்டுக்கும் போட்டி. தொலைதூரத்தில் வெடிக்கும் விண்மீன்களின் வெளிச்சத்தை அளந்து, பிரபஞ்சம் விரியும் வேகம் எவ்வளவு குறைகிறது என்று பார்க்கக் கிளம்பினார்கள். விண்மீன்கள் எதிர்பார்த்ததைவிட மங்கலாகத் தெரிந்தன. அதாவது நினைத்ததைவிடத் தொலைவில் இருந்தன, வேகம் கூடிக்கொண்டிருந்தது! இரண்டு குழுவுமே முதலில் தங்கள் கணக்கில் எங்கே தப்பு என்றுதான் தேடின. ஒருவர் மட்டும் சொல்லியிருந்தால் மற்றவர்களும் அதைத்தான் தேடியிருப்பார்கள். ஒருவரை ஒருவர் முந்தத் துடித்த இரண்டு பேருக்கும் ஒரே விடை வந்ததால்தான் உலகம் சீக்கிரம் நம்பியது. ரீஸ் குழுவின் பேப்பர் 1998இல் வந்தது, பெர்ல்மட்டர் குழுவினுடையது 1999இல். 2011 நோபல் பரிசில் பாதி பெர்ல்மட்டருக்கு, மறுபாதியை ரீஸும் ஷ்மிட்டும் பகிர்ந்துகொண்டார்கள். பின்னால் வந்த பேப்பர்காரருக்குத்தான் தனியாகப் பாதி!

ஜர்னல்களும் இதைப் புரிந்துகொண்டு வருகின்றன. ப்ளாஸ் பயாலஜி 2018லேயே, இன்னொருவர் முந்திவிட்டாலும் ஆறு மாதத்துக்குள் அனுப்பினால் 'இதில் புதுமை இல்லை' என்று அந்தக் காரணத்துக்காகத் தள்ள மாட்டோம் என்று அறிவித்தது. எல்லா ஜர்னலும் அப்படியில்லைதான். ஆனாலும் நாள் எண்ண ஆரம்பியுங்கள்.

எனக்கும் ஒரு முறை இப்படி நடந்தது. வயிற்றெரிச்சலில் மூன்று மாதம் அந்தப் பேப்பரைத் திறக்கவே இல்லை. திறந்தபோது அவர்களுடைய மூன்றாவது படம் என்னுடையதோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு எழுத வேண்டியதே அதுதான். நீங்கள் இன்றைக்கே திறந்து, அவர்கள் எந்த பாக்டீரியாவில் செய்தார்கள் என்று பாருங்கள். லேபில் வளர்த்த வகையில் மட்டும் என்றால், நோயாளியின் உடம்பிலிருந்து வந்ததில் அந்தப் புரதம் என்ன செய்கிறது என்பது உங்களிடம்தான் இருக்கிறது. முன்னுரையிலேயே அவர்கள் பேப்பரைக் குறிப்பிட்டு, உங்கள் வேலை தனியாக நடந்தது என்று ஒளிக்காமல் எழுதுங்கள். மறைத்தால் ரிவ்யூவர் கண்டுபிடித்துவிடுவார்.

கைடு பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வெளிவந்துவிட்ட விஷயத்தில் வாயை மூடி என்ன லாபம்? அவரைச் சம்மதிக்க வைத்து, இந்த மாதமே உயிரியல் பேப்பர்களுக்கான பயோஆர்க்கைவ் இணையதளத்தில் ப்ரீபிரிண்டாக, அதாவது ஜர்னல் ஏற்கும் முன்பே, போட்டுவிடுங்கள். தேதியோடு உங்கள் பெயர் நின்றுவிடும். அப்புறம் அந்த லேபுக்கு நாலு வரி மெயில்: உங்கள் பேப்பரைப் படித்தோம், நாங்களும் இதையே செய்தோம், இணைப்பு இது, இந்த ஓரிடத்தில் நம் முடிவுகள் மாறுகின்றன, ஏன் என்று நினைக்கிறீர்கள்? போஸ்டர் பேச்சை எடுக்காதீர்கள். உங்கள் மாதிரிகளை அனுப்பச் சொல்லிக் கேட்டால் மட்டும் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மருத்துவமனையின் அனுமதியும் முறையான ஒப்பந்தமும் இல்லாமல் ஒரு குழாய்கூட லேபை விட்டு வெளியே போகக்கூடாது.