வீட்டில் 128, கிளினிக்கில் 156: எந்த பிரஷர் உண்மை?

கேள்வி: எனக்கு வயது 54. இரண்டு வருடமாக தினமும் காலையில் அம்லோடிபின் 5 மி.கி. மாத்திரை போடுகிறேன். கிளினிக்கில் பார்த்தால் 156/94 என்கிறார்கள். மகன் வாங்கித் தந்த மிஷினில் வீட்டில் பார்த்தால் 128/80. சந்தேகப்பட்டு மறுபடி பார்த்தால் 142 காட்டுகிறது. ஒரு நாளைக்கு ஏழெட்டு தடவை பார்த்துவிடுகிறேன். ஒரு நாள் மாத்திரை போடாமலும் பார்த்தேன், அன்றும் நார்மல்தான். எதை நம்புவது? மாத்திரையை நிறுத்திவிடலாமா? (விருதுநகர் வாசகி)

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். நீங்களாக நிறுத்த வேண்டாம். அம்லோடிபின் உடலை விட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நீங்கள் மாத்திரை போடாத அன்று, நேற்றும் முந்தாநாளும் போட்ட மாத்திரைகள் உள்ளே வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தன. அந்தச் சோதனையில் ஜெயித்தது மாத்திரைதான். இதுவே அட்டெனலால் போன்ற வேறு வகை பிரஷர் மாத்திரையாக இருந்து, திடீரென்று நிறுத்தியிருந்தால் பிரஷரும் இதயத் துடிப்பும் எகிறியிருக்கலாம். இதய நோய் உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

சரி, எந்த எண் உண்மை? இரண்டுமே. பிரஷர் நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. பஸ் பிடித்து, படியேறி, டோக்கன் வாங்கி, கூட்டத்தில் காத்திருந்து டாக்டர் முன் உட்காரும்போது பலருக்கு அது கூடத்தான் செய்யும். அன்றாட நிலையைத் தெரிந்துகொள்ள வீட்டு அளவுதான் மேல். கிளினிக்கில் 140/90 என்று வைத்திருக்கும் எல்லையை வீட்டில் 135/85 என்று குறைத்து வைத்திருப்பதும் இதனால்தான். தலைகீழாகவும் நடக்கும்: கிளினிக்கில் நல்ல பிள்ளையாக இருந்து வீட்டில் ஏறும் பிரஷர் உண்டு. அளந்து பார்க்காவிட்டால் அது பிடிபடவே படாது.

ஆனால் வீட்டில் எப்படி அளக்கிறீர்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பெரும்பாலான வீடுகளில் நான் பார்ப்பது இது: சோபாவில் சாய்ந்தபடி, காலை மடித்துக்கொண்டு, கையைத் தாழ்வான டீபாயில் வைத்து, ரவிக்கைக் கைக்கு மேலேயே பட்டையைச் சுற்றி, டிவி பார்த்துக்கொண்டே பட்டனை அழுத்துவது. இதில் ஒவ்வொன்றும் எண்ணைக் கெடுக்கும். கை இதயத்தைவிடத் தாழ்ந்திருந்தால் அளவு கூடும். பேசினால் கூடும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் கூடும். (நோயாளியிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே பிரஷர் பார்த்த டாக்டர்களில் நானும் ஒருவன்தான்.)

முதுகுக்குச் சாய்மானம் உள்ள சாதாரண நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். கையை மேஜை மேல் வைத்தால் பட்டை நெஞ்சு உயரத்துக்கு வர வேண்டும், இல்லையென்றால் கைக்கு அடியில் ஒரு தலையணை வையுங்கள். பட்டை தோலின் மேல் இருக்கட்டும். இறுக்கமான ரவிக்கைக் கையைச் சுருட்டி மேலே ஏற்றிவிடாதீர்கள், அதுவும் ரத்தக்குழாயை அழுத்தும். காபி குடித்து அரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் சும்மா இருந்துவிட்டு, அப்புறம் பட்டனை அழுத்துங்கள்.

பட்டையின் அளவையும் பாருங்கள். எத்தனை செ.மீ. சுற்றளவுள்ள கைக்கு என்று அதிலேயே அச்சிட்டிருப்பார்கள். தையல் டேப்பால் மேல்கையின் நடுவில் அளந்து பாருங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் இல்லாத பிரஷரைக் காட்டும். மணிக்கட்டில் கட்டும் மிஷின் என்றால், முடிந்தால் மேல்கையில் சுற்றுவதாக மாற்றிவிடுங்கள்.

இனி ஏழெட்டு தடவை வேண்டாம். பயந்து பயந்து பார்த்தால் அந்தப் பயமே எண்ணில் ஏறும், உங்கள் 142 அப்படி வந்ததாகவும் இருக்கலாம். ஏழு நாள் மட்டும் கணக்கு வையுங்கள். காலையில் மாத்திரைக்கும் சாப்பாட்டுக்கும் முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். ராத்திரி படுக்கும் முன் இதேபோல் இரண்டு முறை. கூடிய எண், குறைந்த எண் என்று பார்க்காமல் வந்ததை எல்லாம் எழுதுங்கள். முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளுக்குச் சராசரி எடுங்கள். அதற்கப்புறம் டாக்டரைப் பார்க்கப் போகும் முந்தைய வாரம் மட்டும் அளந்தால் போதும்.

சராசரி 135/85-க்குக் கீழே இருந்தால் இந்த மாத்திரை உங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். சர்க்கரையோ சிறுநீரகப் பிரச்சினையோ இருந்தால் டாக்டர் இன்னும் குறைவாக எதிர்பார்ப்பார். மேலே இருந்தால் மருந்தைக் கூட்டுவதற்கு முன் இரண்டு விஷயத்தைச் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு டைக்ளோபெனாக், ஐப்யூபுரோபன் போன்ற வலி மாத்திரைகளை அடிக்கடி போடுகிறீர்களா? அவை பிரஷரை ஏற்றும். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கிறதா? ஊறுகாய், அப்பளம், கருவாட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில்தான் வரும். இந்துப்புக்கு மாறிவிட்டேன் என்று நிம்மதியாக இருப்பவர்களுக்கு: அதுவும் பெருமளவு சோடியம் குளோரைடுதான்.

180/120-க்கு மேல் காட்டினால் ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் அன்றைக்கே டாக்டரிடம் பேசிவிடுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் பலமிழப்பு, திடீரெனப் பார்வை மங்கல் என்று ஏதாவது இருந்தால் மறுபடி அளந்துகொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் நின்றபடி ஒரு முறை அளந்து அதையும் எழுதுங்கள்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது நோட்டோடு மிஷினையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அவர்கள் கருவியில் ஒரு முறை, உங்களுடையதில் ஒரு முறை என்று அங்கேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.