ஆழ்கடலுக்கு மணல் போன வழி

கேள்வி: இரண்டு கிலோமீட்டர் தண்ணீருக்கு அடியிலும் எண்ணெய் எடுக்கிறார்களாம். எண்ணெய் தங்கியிருக்க மணற்பாறை வேண்டும் என்கிறீர்கள். மணல் கரையோரத்திலேயே நின்றுவிடாதா?

பதில்: வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இதைத்தான் கேட்டேன். ஆழ்கடல் கிணற்றிலிருந்து உருளையாக வெட்டியெடுத்த பாறையை (கோர் என்போம்) நெடுக அறுத்து மேசையில் வைத்திருந்தார்கள். அடியில் பருமணல், மேலே போகப்போக நைசான மணல், உச்சியில் களி. அதன் தலைமேல் மறுபடி பருமணல். களியில் ஒரு துணுக்கைக் கடித்துப் பார்த்தேன். எங்கள் தொழிலில் அது வழக்கம். பல்லில் துளிகூட நறநறக்கவில்லை. அசையாத தண்ணீரில் மெல்லப் படிந்த சேறு அது. அதன் நடுவே மணல் எப்படி வந்தது?

விடை 1929 நவம்பர் 18-ல் இருக்கிறது. அன்று கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்குத் தெற்கே கடலடியில் நிலநடுக்கம். அருகிலிருந்த தந்திக் கேபிள்கள் உடனே அறுந்தன. சரிவில் கீழே இருந்தவை ஒன்றன்பின் ஒன்றாக, பல மணி நேரம் கழித்து அறுந்தன. கண்டச் சரிவில், அதாவது கண்டத்தின் விளிம்பிலிருந்து ஆழ்கடலுக்கு இறங்கும் கடலடிச் சரிவில், மணலும் சேறும் கலந்த வெள்ளம் பாய்ந்திருக்கிறது என்று 1952-ல் கடலடி ஆய்வாளர்கள் ஹீசனும் யூயிங்கும் கணக்கிட்டுக் காட்டினார்கள். அப்படி ஒரு வெள்ளம் ஓயும்போது பருமணல் முதலில் படியும், களி கடைசியில். என் மேசையில் இருந்தது அதேதான்.

மணல் வெறும் பாத்திரம். எண்ணெய் பிறப்பது அதற்கும் கீழே, ஆக்சிஜன் குறைந்த கடலில் படிந்த கரிய சேற்றில். அது புதைந்து, ஏறக்குறைய 60 முதல் 120 டிகிரி சூட்டில் வேக வேண்டும். சூடு மிஞ்சினால் வாயுதான்.

ஆப்பிரிக்காவும் தென் அமெரிக்காவும் பிரிந்தபோது இரு கரைகளிலும் இந்தச் சேறு படிந்தது. அதனால் 2007-ல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவில் ஜூபிலி எண்ணெய் வயல் கிடைத்ததும் எதிர்க்கரையான தென் அமெரிக்காவில் தேடினார்கள். 2011-ல் பிரெஞ்சு கயானாவில் எண்ணெய் தென்பட்டது. அடுத்துத் தோண்டிய கிணறுகள் ஏமாற்றின. 2015-ல் அதே கரையில் இருக்கும் கயானா என்ற வேறொரு நாட்டின் லைசாவில் பெரிய வயலே கிடைத்தது. ஒரே கரை, ஒரே கதை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நில அதிர்வுப் படத்தில் (ஒலி அலைகளை அனுப்பிப் பாறை அடுக்குகளைப் பார்க்கும் படம்) அழகாகத் தெரிந்த ஒரு மணல்மேட்டில் தோண்டினோம். வந்த மணலைப் புற ஊதா விளக்கில் பிடித்தபோது மங்கலான மஞ்சள் ஒளி. எண்ணெய் வந்திருக்கிறது, மேலே மூடியாக இருந்த களி எங்கோ விரிசல் விட்டிருக்கிறது. கறை மட்டும்தான் மிச்சம்.